சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய்; பந்தயக் காரையே படுக்க வைக்கிறது!

மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய கார் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட கார் ஒரு நாள் திடீரென்று சோர்ந்து போகிறது. நின்ற இடத்தில் என்ஜின் உறுமுகிறது, தணிகிறது, மறுபடி உறுமுகிறது. பாதையில் விட்டால் பாதி வேகம் வரை ஒழுங்காகப் போய், அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது.

பட்டறைக்குக் கொண்டு போனால், "டர்போ போய்விட்டது. இரண்டையும் மாற்ற வேண்டும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு டர்போவின் விலையைக் கேட்டால், அந்தக் காரை விற்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றும்.

பல சமயங்களில் டர்போவுக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. பழுதானது ஒரு சாண் நீள ரப்பர் குழாய். அதன் உள் துவாரம் வெறும் 4 மில்லி மீட்டர். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகாது.

அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலையை, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் காரின் சொந்தக்காரர்களே வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்களில் பலர் மெக்கானிக் வேலை கற்றவர்கள் அல்ல. பகலில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள்.

எந்தக் கார்?

ஜப்பானில், ஹிரோஷிமா நகரை ஊராகக் கொண்ட மாஸ்டா கம்பெனி தயாரித்த "ஆர்.எக்ஸ்.-7" என்ற கார்தான் இந்த வேலைக்குப் பேர் போனது. அதிலும் 1991-ம் ஆண்டு முதல் 2002-ம் ஆண்டு வரை வெளிவந்த மூன்றாவது மாடல்.

ஹாலிவுட் படம் பார்க்கும் இளைஞர்களுக்கு இது தெரிந்த கார்தான். 2001-ல் வந்த "தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ்" படத்தில் கதாநாயகர்களில் ஒருவன் ஓட்டும் சிவப்புக் கார் இதுவே. 2006-ல் வந்த "டோக்கியோ டிரிப்ட்" படத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு கார் வழுக்கிக்கொண்டு வருமே, அதுவும் இதுதான்.

இந்தக் காரின் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. ரோட்டரி என்ஜின். முட்டை வடிவமான அறைக்குள் முக்கோண வடிவமான இரும்பு ரோட்டர் சுற்றி வரும். இந்த என்ஜினின் மூலக் கருத்தைத் தந்தவர் பெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியர். மற்றக் கம்பெனிகள் எல்லாம் கைவிட்ட பிறகும் விடாப்பிடியாக அதைச் சீர்ப்படுத்தி வந்தது மாஸ்டா. 1991-ல் பிரான்சில் நடக்கும் புகழ்பெற்ற லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா கார் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது.

கடையில் விற்ற ஆர்.எக்ஸ்.-7 காரில் இரண்டு ரோட்டர்கள்தான். மொத்தக் கொள்ளளவு 1,308 சி.சி. நம் ஊரில் சாதாரணக் குடும்பக் காருக்கு இருக்கிற அளவுதான் இது. ஆனால் சக்தி 255 குதிரை! கடைசிக் காலத்தில் வந்த கார்களில் 280 குதிரை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இரட்டை டர்போவிலிருந்து.

ரயில்காரர்களுக்குத் தெரிந்த வாக்குவம்

டர்போவுக்குப் போகுமுன் வாக்குவம் என்பதைப் பார்த்துவிடலாம். மாட்டுங்கா, பரேல் ரயில் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் நம் ரயில்களில் வாக்குவம் பிரேக்தான். என்ஜினிலிருந்து கார்டு வண்டி வரை ஒரே குழாய். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் பைப். அந்தக் குழாயிலுள்ள காற்றை என்ஜின் உறிஞ்சி எடுத்துவிட்டால் பிரேக் விடும். குழாய்க்குள் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்கும். டிரைவர் பார்க்கும் மீட்டரில் முள் 53 சென்டி மீட்டரில் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு ஹோஸ் பைப் ஓட்டையானால், வாஷர் தேய்ந்திருந்தால், முள் ஏறாது. வண்டி நகராது. கடைசிப் பெட்டியின் ஹோஸ் பைப்பை அப்படியே தொங்கவிட முடியாது. அதை டம்மியில் மாட்டி அடைத்தால்தான் வாக்குவம் நிற்கும்.

அபாயச் சங்கிலியை இழுத்தவுடன் வண்டி நின்றதற்கும் இதுவே காரணம். சங்கிலி ஒரு வால்வைத் திறக்கும், காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். இப்போது ரயில்களில் அழுத்தக் காற்றுப் பிரேக் வந்துவிட்டது. ஆனால் வாக்குவம் கற்றுக்கொடுத்த பாடம் பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது. நூறு இணைப்பு சரியாக இருந்தும் பயனில்லை. ஓர் இணைப்பு கோளாறு செய்தால் போதும்.

கார் என்ஜினிலும் இதே வாக்குவம் இலவசமாகக் கிடைக்கிறது. என்ஜின் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்று வரும் வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். ஆகவே உள்ளே இழுக்கும் பாதையில் வாக்குவம் உண்டாகிறது. நல்ல நிலையிலுள்ள ஆர்.எக்ஸ்.-7 என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அது ரயில் கணக்கில் 40 சென்டி மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். இந்த இலவசச் சக்தியைச் சின்னச் சின்ன ரப்பர் குழாய்களில் கொண்டுபோய், வால்வுகளைத் திறக்கவும் மூடவும் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று முந்தி, ஒன்று பிந்தி

டர்போ என்பது ஒரே அச்சில் இரண்டு காற்றாடிகள். ஒரு காற்றாடியை என்ஜினின் சூடான புகை சுழற்றும். மறுபக்கத்துக் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறிய டர்போ சீக்கிரம் சுழலும்; ஆனால் உச்ச வேகத்தில் போதாது. பெரிய டர்போ உச்ச வேகத்தில் அள்ளிக் கொடுக்கும். ஆனால் எழுந்து வர நேரம் பிடிக்கும். மாஸ்டா என்ஜினீயர்கள் இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். குறைந்த வேகத்தில் முதல் டர்போ மட்டும் வேலை செய்யும். என்ஜின் நிமிடத்துக்கு சுமார் 4,500 சுற்றை எட்டும்போது இரண்டாவதும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சேர்க்கை சாமானியமான காரியம் அல்ல. தூங்கிக் கொண்டிருக்கும் இரண்டாவது டர்போவை, நேரம் வருமுன்பே கொஞ்சம் புகை கொடுத்துச் சுழலவைக்க வேண்டும். அது அமுக்கும் காற்றை அதுவரை வெளியே விட வேண்டும். சரியான விநாடியில் வெளிவாசலை மூடி, உள்வாசலைத் திறந்து, புகைப் பாதையையும் முழுதாகத் திறக்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள்!

டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் சொன்னால், முதல் டர்போ 10 பவுண்டு அழுத்தம் தரும். கைமாறும் நேரத்தில் அது 8 பவுண்டுக்கு இறங்கும். உடனே 10-க்கு ஏறிவிடும். மீட்டரில் 10, 8, 10 என்று முள் ஆடினால் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனை வாசலையும் திறந்து மூடுவது யார்? தகர டப்பா போன்ற ஆக்சுவேட்டர்கள். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் தகடு. ஒரு பக்கம் வாக்குவமோ அழுத்தமோ கொடுத்தால் தகடு நகரும். அதோடு சேர்ந்த கம்பி வால்வை இழுக்கும். எந்த டப்பாவுக்கு எப்போது கொடுப்பது என்பதைக் காரின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அது மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுகளுக்குக் கட்டளை போடும். ஆனால் கட்டளையை டப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரப்பர் குழாய்தான். கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் குழாய் ஓட்டையானால் கட்டளை போய்ச் சேராது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. டர்போ அழுத்தம் கொடுக்கும்போது உள்ளிழுக்கும் பாதையில் வாக்குவம் இருக்காது. அப்போதுதான் வால்வை இழுக்க வாக்குவம் தேவைப்படும்! ஆகவே முன்கூட்டியே வாக்குவத்தைச் சேமித்து வைக்க ஓர் அறை. அதேபோல அழுத்தத்தைச் சேமிக்க ஓர் அறை. சேமித்தது திரும்பிப் போகாமலிருக்க ஒருவழி வால்வுகள். மாதச் சம்பளக்காரர் முதல் தேதியன்றே அரிசி, பருப்பு வாங்கிப் போட்டுக்கொள்வதைப் போல!

எலிக்கூடு

இவை எல்லாவற்றையும் இணைக்கப் பல டஜன் ரப்பர் குழாய்கள் தேவைப்பட்டன. இரும்புக் குழாய்கள் பதித்த ஒரு சட்டம், அதன்மேல் வரிசையாகச் சொலினாய்டு வால்வுகள், அவற்றுக்கு இடையே இங்கும் அங்குமாக ரப்பர் குழாய்கள். எல்லாம் என்ஜினின் காற்றுப் பாதைக்கு அடியில் மறைந்து கிடக்கும். பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்குப் பாதிகூடத் தெரியாது. அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் இந்தக் குவியலுக்கு "எலிக்கூடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்டபடி கிடப்பது போலத் தெரிந்தாலும் அதில் ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு, வேலை உண்டு. மும்பை லோக்கல் ஸ்டேஷனில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் கூட்டத்தைப் போல. பார்ப்பவனுக்கு நெரிசல், உள்ளே இருப்பவனுக்கு அவனவன் பிளாட்பாரம் தெரியும்.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், சூட்டில் வருகிறது. ரோட்டரி என்ஜினின் புகைக்குச் சாதாரண என்ஜினின் புகையைவிடச் சூடு அதிகம். இரண்டு டர்போக்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வெக்கையில் ரப்பர் குழாய் வருஷக்கணக்கில் வேகிறது. முதலில் விறைக்கும். பிறகு முனைகளில் வெடிக்கும். கடைசியில் தொட்டால் முறுக்கு மாதிரி ஒடியும். கடைசிக் கார் தயாராகி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பழைய குழாயோடு ஓடும் எந்தக் காரையும் நம்புவதற்கில்லை.

உயிருக்கு ஆபத்தான குழாய்

எல்லாக் குழாயும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. சில குழாய் ஓட்டையானால் ஐடிலிங் ஆடும். சில ஓட்டையானால் இரண்டாவது டர்போ வந்து சேராது. 4,500 சுற்றுக்கு மேல் கார் மாட்டு வண்டியாகிவிடும். இவை எல்லாம் தொல்லைகள்தான். ஆபத்து வேறொரு குழாயில் இருக்கிறது.

இந்தக் காரில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. பாதையிலுள்ள காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். அந்த அளவைக் கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோல் கணக்குப் போடும். சென்சாருக்குப் போவது ஒரே ஒரு ரப்பர் குழாய். டர்போ முழு மூச்சில் காற்றைத் தள்ளும்போது அந்தக் குழாய் வெடித்தாலும், நழுவினாலும், சென்சாருக்குக் குறைந்த அழுத்தமே தெரியும். "காற்று கொஞ்சம்தான் போகிறது" என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். பெட்ரோலைக் குறைத்துவிடும். உள்ளே உண்மையில் காற்று நிறைய, பெட்ரோல் கொஞ்சம். அந்தக் கலவை தாறுமாறாகச் சூடேறி, எரிய வேண்டிய முறைப்படி எரியாமல் வெடிக்கும். மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்று சொல்வார்களே, அதுதான்.

பிஸ்டன் என்ஜின் கொஞ்ச நேரம் நாக்கிங்கைத் தாங்கும். ரோட்டரி என்ஜின் தாங்காது. முக்கோண ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் 2 மில்லி மீட்டர் தடிமனுள்ள சீல் இருக்கிறது. இரண்டு ரோட்டருக்குமாக ஆறு முனை. அதில் ஒன்று முறிந்தால் போதும். என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். முறிந்த துண்டு புகையோடு வெளியே பாய்ந்து டர்போவின் காற்றாடியையும் கடித்துவிடும். "டர்போ போய்விட்டது" என்று பட்டறையில் சொன்ன பொய், அப்போது மெய்யாகிவிடும்.

ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் பழைய ஆர்.எக்ஸ்.-7 வாங்கியதும் பெயிண்டைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைப் பார்ப்பதில்லை. முதல் வேலையாக வாக்குவம் குழாய் அத்தனையையும் மாற்றுகிறார்கள்.

பட்டறை ஏன் செய்வதில்லை?

குழாயின் விலை அற்பம். ஆனால் மாற்ற ஆகும் நேரமோ அதிகம். முதல் தடவை செய்பவருக்கு இரண்டு மூன்று விடுமுறை நாட்கள் பிடிக்கும். அமெரிக்காவில் மெக்கானிக்கின் மணிக் கூலி கனமானது. பொருள் விலையைப்போலப் பல மடங்கு கூலி ஆகும். அதைவிட முக்கியம், இந்தக் காரைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளே குறைவு. அவசரக்காரர் கையில் விட்டால் இரண்டு குழாயை மாற்றி மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பது பழைய ஓட்டையைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

வேறொரு கூட்டம் உண்டு. "எலிக்கூடே வேண்டாம்" என்று எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி செய்துவிடுவார்கள். அல்லது இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ வைப்பார்கள். குழாய்த் தொல்லை குறையும். ஆனால் குறைந்த வேகத்தில் சட்டென்று எழும் அந்த உயிர்ப்பு போய்விடும். அதற்காகத்தானே அந்தக் காரை அப்படிச் செய்தார்கள்? ஒரு சாண் ரப்பருக்குப் பயந்து மூளையையே எடுத்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு

வேலை தொடங்குமுன் என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் பாதையிலுள்ள அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

மேல் மேனிபோல்டைக் கழற்றியதும் என்ஜினுக்குள் போகும் வாசல்கள் திறந்து கிடக்கும். முதல் காரியமாக அவற்றைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்தால் ரோட்டர் தொலைந்தது. அடைத்த துணி எத்தனை என்று எழுதி வைப்பது புத்திசாலித்தனம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்ததும் பஞ்சை எண்ணுவார்களே, அந்த மாதிரி.

இனிமேல்தான் ரகசியம். பலர் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஆர்வக் கோளாறில் பழைய குழாய் அத்தனையையும் உருவிப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் உட்கார்ந்து பார்த்தால், எது எங்கே இருந்தது என்று தலையும் புரியாது, வாலும் புரியாது. பட்டறைக் கையேட்டில் குழாய்ப்படம் உண்டு என்பது மெய்தான். ஆனால் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு அந்தப் படம் கொஞ்சம் மாறும். முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாற்றி வைத்திருந்தால் படம் உதவாது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரே குழாய். அதைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதிதை வெட்டி, அதே இரண்டு முனைகளில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். சட்டத்தையே வெளியே எடுக்கும்போது சில குழாய்களைச் சேர்த்துக் கழற்றியே ஆக வேண்டியிருக்கும். அப்போது இரண்டு முனைகளிலும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றுமுன் எடுத்த போட்டோதான் உதவும்.

ரெக்கார்டு ரூமில் பைல் அடுக்கிப் பழகிய கிளார்க்குக்கு இது கைவந்த வேலை. ஒரு பைலை உருவினால், அந்த இடத்தில் சீட்டு வைக்காமல் அடுத்த பைலைத் தொடுவாரா?

பழைய குழாயைப் பிடித்து இழுக்கவும் கூடாது. சொலினாய்டு வால்வின் மூக்குகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவையும் அதே சூட்டில் வெந்து கிடக்கின்றன. இழுத்தால் மூக்கு ஒடிந்து கையோடு வரும். பிளேடால் குழாயை நீளவாக்கில் லேசாகக் கீறி, வாழை நாரை உரிப்பது போல உரித்து எடுக்க வேண்டும். கீறும்போது பிளேடு மூக்கில் பட்டுக் கோடு விழக்கூடாது. அந்தக் கோடு வழியாகவும் காற்று கசியும்.

குழாய்க்குள் ஒளிந்திருக்கும் குளிகை

இரண்டு குழாய்களுக்குள் ஒரு மர்மம் உண்டு. ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொண்டு போகும் அந்தக் குழாய்களுக்குள், நடுவில் ஊசி துவாரம் போட்ட சிறு உலோகக் குளிகை செருகியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அழுத்தம் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அந்தக் குளிகைதான். பழைய குழாயோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டால் டர்போவின் அழுத்தக் கணக்கே தப்பிவிடும். புதுக் குழாய் பளபளவென்று இருக்கும். கார் மட்டும் முன்னைவிட மோசமாக ஓடும். "குழாயைத்தான் மாற்றிவிட்டேனே" என்று மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எனவே கழற்றிய ஒவ்வொரு குழாயையும் விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துச் சுத்தம் செய்து புதுக் குழாயில் அதே இடத்தில் வைக்க வேண்டும்.

ஒருவழி வால்வைச் சோதிக்கக் கருவி வேண்டாம். வாயால் ஊதினால் போதும். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் தூக்கி எறிய வேண்டியதுதான். நல்ல வால்வைத் திருப்பி மாட்டுவதும் கெட்ட வால்வை மாட்டுவதும் ஒன்றே. சேமிப்பு அறை நிரம்பாது. எந்த முனை எந்தப் பக்கம் என்பதைக் கழற்றுமுன் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சுவேட்டர் டப்பாக்களுக்குக் கைப்பம்பு வேண்டும். மீட்டர் வைத்த சின்ன வாக்குவம் பம்பு கிடைக்கிறது. டப்பாவில் மாட்டி இழுத்தால் கம்பி நகர வேண்டும். முள் அப்படியே நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளேயுள்ள ரப்பர் தகடு கிழிந்துவிட்டது என்று பொருள். அதற்குக் குழாய் மாற்றிப் பயனில்லை. மேனிபோல்டைத் திரும்பப் பூட்டுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பூட்டிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரும்.

எந்தக் குழாய் வாங்குவது?

இப்போது பெரும்பாலோர் வாங்குவது சிலிக்கோன் குழாய். சூட்டைத் தாங்கும், விறைக்காது. நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் கிடைக்கிறது. வாக்குவத்துக்கு ஒரு நிறம், அழுத்தத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் பிற்பாடு தேடச் சுலபம்.

ஆனால் சிலிக்கோனிலும் போலி உண்டு. சுவர் மெல்லியதாக இருந்தால், வாக்குவம் இழுக்கும்போது வளைவில் சப்பிக்கொண்டு பாதை அடைபடும். தடித்த சுவர் வேண்டும். துவாரம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும் என்று வாங்கினால் டர்போ அழுத்தத்தில் நழுவும். 4 மில்லி மீட்டர் போக வேண்டிய இடத்தில் 4, 6 போக வேண்டிய இடத்தில் 6. அழுத்தம் வரும் முனைகளில் சிறிய பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டலாம். பலத்தைக் காட்டி இறுக்கினால் அதுவே சிலிக்கோனை அறுத்துவிடும்.

பெட்ரோலோ எண்ணெயோ ஓடும் இடத்தில் சிலிக்கோன் ஆகாது. ஊறி உப்பிவிடும். பெட்ரோல் குழாய்க்கு அதற்கென்றே செய்த குழாய்தான். மேனிபோல்டைக் கழற்றியிருக்கும்போது பெட்ரோல் குழாய்களையும் பார்த்துவிட வேண்டும். அவையும் அதே சூட்டில், அதே வயதில் கிடப்பவை. வாக்குவம் குழாய் ஒடிந்தால் கார் நிற்கும். பெட்ரோல் குழாய் ஒடிந்தால் கார் தீப்பற்றும்.

பயன்படாத மூக்குகளில் சின்ன ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். ரயிலின் டம்மி போலத்தான். எல்லாக் குழாயையும் மாற்றிவிட்டு, இந்த மூடியை மறந்துவிட்டு, கசிவு எங்கே என்று தேடியவர்கள் அநேகம் பேர்.

ஓட்டிப் பார்க்குமுன்

துணியை எடுத்து எண்ணியாகிவிட்டது. புது கேஸ்கட் போட்டு மேனிபோல்டைப் பூட்டியாகிவிட்டது. கழற்றும்போது இறங்கிய கூலன்டையும் நிரப்பியாகிவிட்டது. இப்போது என்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். "ஸ்ஸ்" என்ற சீறல் எங்காவது கேட்டால் அங்கே கசிவு. மேனிபோல்டில் வாக்குவம் மீட்டர் மாட்டினால் முள் 40 சென்டி மீட்டருக்கு மேல் ஆடாமல் நிற்க வேண்டும்.

சிலர் கசிவைத் தேட பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் இது தற்கொலை. என்ஜினை நிறுத்திவிட்டு, காற்றுப் பாதையை அடைத்து, லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கும் முறைதான். குமிழி வரும் இடம் கசியும் இடம்.

முதல் ஓட்டத்திலேயே முழு வேகம் கூடாது. டர்போ மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். 10-ஐத் தாண்டி முள் விறுவிறுவென்று ஏறினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். எங்கோ ஒரு குழாய் இடம் மாறியிருக்கிறது.

இந்தக் கார் நம் நாட்டுக் கடைகளில் விற்கப்படவில்லை. ஆனால் இந்தக் குழாய் நமக்குப் புதிதல்ல. 2014-ல் தயாரிப்பு நின்ற அம்பாசடர் காரில், பெட்ரோல் என்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும்; அதற்குப் போன மெல்லிய குழாயும் வாக்குவம் குழாய்தான். இன்றைக்கு டாக்சியாகவும் டெம்போவாகவும் ஓடும் டர்போ டீசல் வண்டிகள் பலவற்றில், டர்போவைக் கட்டுப்படுத்தும் டப்பாவுக்கு இப்படியொரு குழாய் போகிறது. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயும் வாக்குவம் குழாயே. மிதி திடீரென்று கல் மாதிரி ஆனால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே போகக் கூடாது.

மேட்டில் வண்டி இழுக்கவில்லை, புகை கறுப்பாகத் தள்ளுகிறது என்று போகும் டிரைவரிடம் "டர்போ மாற்று" என்று சொல்வார்கள். சம்மதிக்குமுன் பானெட்டைத் திறந்து, அந்தக் குழாயை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்க்கலாம். ஐந்து நிமிஷம் ஆகும்.

கழற்றிய பழைய குழாய்களை மட்டும் உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. எண் எழுதிய சீட்டோடு ஒரு பையில் கட்டி, கார் ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை வைத்திருப்பது நல்லது. நீளத்தில் சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க உதவும். விட்டுப்போன குளிகையும் அதற்குள் இருக்கலாம்.